கொசுறு குடுக்குற ஊரு: நியூ ஆர்லியன்ஸ்ல நாலு நாள்

நாலு நாளும் ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி போன்ல தட்டி வெச்சது இது. எழுத்துப் பிழைக்கும் சாப்பாட்டுப் புலம்பலுக்கும் இப்பவே மன்னிப்பு கேட்டுக்கறேன். நாங்க நாலு பேரு, காலேஜ் கோஷ்டி, இப்போ நாலு பேருமே ஹூஸ்டன்ல குப்பை கொட்டுறோம். வண்டி சுப்புவோடது, பிளான் கார்த்தியோடது (எக்செல் ஷீட் போட்டு மணிக்கு மணி எழுதி வெச்சிருந்தான், பாவம்), ஈஸ்டருக்கு எங்கயாவது போயே ஆகணும்னு அடம் புடிச்சது ஜெனி. நான் சும்மா சாப்பிடத்தான் போனேன்.

ஏப்ரல் 7, 2023, வெள்ளி

அஞ்சு மணிக்கு கிளம்புறதா பிளான், ஏழரைக்கு கிளம்பினோம். யாரால லேட்டுன்னு கேக்காதீங்க. 350 மைல், ஐ-10 ரோட்டப் புடிச்சா வளைவே இல்லாம கொண்டு போய் விட்டுரும், அஞ்சரை மணி நேரம்னு மேப் சொல்லுச்சு. நாங்க போய் சேந்தப்போ சாயங்காலம் நாலரை.

பியூமாண்ட் தாண்டும்போதே மழை புடிச்சுகிச்சு. நியூ ஆர்லியன்ஸ் இருக்குற லூசியானா மாநிலத்துக்குள்ள நுழைஞ்சதும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வயலு, வயல் முழுக்க தண்ணி, ஒரு நிமிஷம் தஞ்சாவூர் பக்கம் போற மாதிரியே இருந்துச்சு. ஆனா பயிரு இருக்க வேண்டிய இடத்துல வரிசை வரிசையா கம்பி வலைக்கூண்டு தண்ணிக்கு மேல தலைய நீட்டிட்டு நிக்குது. ஜெனி தான் கண்டுபுடிச்சா, எல்லாம் க்ராஃபிஷ் (எறா மாதிரி ஒரு நன்னீர் உயிரு) புடிக்கிற கூண்டு. இங்க கோடைல நெல்லு அறுத்துட்டு, இலையுதிர் காலத்துல அதே வயல்ல தண்ணியக் கட்டிடுறாங்க, தாள் மறுபடி தழைச்சு அழுகி அதுவே அதுங்களுக்கு தீனியாயிடுது, வசந்தம் வரைக்கும் அறுவடை பண்ணிட்டு திரும்ப நெல்லு. ஒரே வயல்ல சோறும் கொழம்பும் விளையுது! எங்க தாத்தா இருந்திருந்தா வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கி வரப்புல நின்னு பாத்துருப்பாரு.

அதுக்கப்புறம் அச்சாஃபலாயான்னு ஒரு சதுப்புக்காடு, அது மேலயே 18 மைலுக்கு பாலம். கீழ கருப்புத் தண்ணி, தண்ணிக்குள்ள நின்னுகிட்டே வளந்த சைப்ரஸ் மரம், மரத்துல தாடி மாதிரி பாசி தொங்குது. மழையில அதப் பாக்க அழகா இருந்துச்சா பயமா இருந்துச்சான்னு இன்னும் முடிவு பண்ணல.

நல்லாத்தான் போய்ட்டு இருந்துச்சு, பேட்டன் ரூஜ் வந்துச்சு. மிசிசிப்பி ஆத்து மேல பெரிய பாலம், பாலத்த விட்டு எறங்குனதும் ஐ-10ன்னு பேரு வெச்ச அந்த மகா நெடுஞ்சாலை ஒரு இடத்துல ஒத்த லேன் ஆயிடுது. ஒத்த லேன்! கலிஃபோர்னியால இருந்து ஃப்ளோரிடா வரைக்கும் போற ரோடு சார் அது. பாலத்து உச்சியில ஒண்ணரை மணி நேரம் நின்னோம், கீழ அமெரிக்காவோட பெரிய ஆறு ஓடுது, எங்க வண்டிக்குள்ள சுப்பு காலையில குடிச்ச பெரிய கப் காபியோட வெளைவ அனுபவிச்சுகிட்டு இருக்கான். "யாரும் தண்ணியப் பத்தி பேசாதீங்கடா"ன்னான். அப்புறம் என்ன, எல்லாரும் தண்ணியப் பத்தி மட்டும் தான் பேசினோம்.

தங்குனது மிட்-சிட்டில ஒரு வாடகை வீடு. இந்த ஊர்ல எங்க பாத்தாலும் இருக்குற டிசைன், ஷாட்கன் வீடுன்னு சொல்றாங்க. உள்ள நடை வழியே கிடையாது, முன்ரூம், அதுக்குப் பின்னாடி ஒரு ரூம், அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, கடைசில கிச்சன், பாத்ரூம். முன்வாசல்ல நின்னு சுட்டா குண்டு எதுலயும் படாம பின்வாசல் வழியா போயிடும்னு அந்தப் பேரு வந்துச்சாம். நம்ம ஊரு பழைய வீட்டுல வாசல்ல நின்னா கொல்லைப்புறம் தெரியுமே, அதே தான், வாசல்ல திண்ணை கூட இருக்கு. ஒரே சிக்கல், நடு ரூம்ல படுத்தவன் கதி. ராத்திரி பாத்ரூம் போற ஒவ்வொருத்தனும் அவன் தலைமாட்ட தாண்டித்தான் போகணும். சீட்டு குலுக்கிப் போட்டோம், எனக்கு நடு ரூம். லேட்டானதுக்கு தண்டனைன்னு நெனச்சுகிட்டேன்.

வீட்டோட மறுபாதில ஓனரம்மா இருக்காங்க, எழுபது வயசுக்கு மேல இருக்கும், கருப்பினத்தவங்க, திண்ணையில நாற்காலி போட்டு மழைய வேடிக்கை பாத்துட்டு இருந்தாங்க. "ஹேய் பேபி, ரோடு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டாங்க, என்னமோ நான் அவங்க மக வயித்துப் பேரன் மாதிரி. ஹூஸ்டன்ல பக்கத்து ஃபிளாட்ல மூணு வருஷமா இருக்குறவரு பேரு எனக்கு இன்னும் தெரியாது. இந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லாரும் பேபி தான். கடைக்காரப் பொண்ணு, பஸ் டிரைவரு, தொப்பி போட்ட தாத்தா, யாரா இருந்தாலும். முதல் நாள் கூச்சமா இருந்துச்சு, ரெண்டாவது நாள் யாராவது பேபின்னு கூப்பிடலைன்னா கோவம் வந்துச்சு.

"க்ராஃபிஷ் எங்க நல்லா இருக்கும்"னு கேட்டோம். "ரிவர் பக்கமா ரெண்டு தெரு போ, அப்புறம் அப்டவுன் பக்கம் திரும்பு"ன்னாங்க. வடக்கு தெக்கெல்லாம் இங்க செல்லாது, ஆறு பாம்பு மாதிரி வளைஞ்சு போறதால திசைய வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, ஏரிப் பக்கம், ஆத்துப் பக்கம், ஆத்துக்கு மேல, ஆத்துக்குக் கீழ, அவ்வளவு தான். ஆத்துக்கு அந்தக் கரைக்கு பேரு வெஸ்ட் பேங்க், ஆனா சூரியன் அங்க இருந்து தான் உதிக்குதாம். கார்த்தி மேப்ப திருப்பித் திருப்பிப் பாத்து வெறுத்துட்டான்.

அந்த இடம் ஒரு வீட்டுப் பின்புறக் கொட்டகை, நீள மேஜை, மேல நியூஸ்பேப்பர். பவுண்டு 7 டாலர். ஆளுக்கு மூணு பவுண்டுன்னு சொன்னோம், அவ்வளவு எதுக்குன்னு நான் முனகினேன், கடைசில பத்தல, அது வேற விஷயம். ஒரு பொண்ணு தட்டு நெறைய கொண்டு வந்து பேப்பர் மேல கொட்டுச்சு, செக்கச்செவேல்னு க்ராஃபிஷ், கூடவே வெந்த சோளம், உருளைக்கிழங்கு, முழுப் பூண்டு, ஆவி மூக்குல ஏறி நாலு பேருக்கும் தும்மல். கொட்டிட்டுப் போன பொண்ணு திரும்பி வந்து இன்னும் ரெண்டு கை அள்ளி மேல போட்டுச்சு. "லான்யாப், பேபி."

என்னதுன்னு முழிச்சோம். பக்கத்து மேஜை அக்கா தான் விளக்கினாங்க, காசு குடுத்து வாங்குனதுக்கு மேல கடைக்காரர் சந்தோஷமா சேத்துப் போடுறது. "டேய், கொசுறுடா இது!"ன்னு ஜெனி கத்துனா. அதே தான். கெச்சுவாங்கற தென் அமெரிக்க பழங்குடி மொழில கிளம்பி ஸ்பானிஷ்ல பூந்து பிரெஞ்சு வழியா இங்க வந்து ஒட்டிக்கிட்ட வார்த்தையாம், ஆனா எனக்கு அது மதுரை மார்க்கெட்ல எங்கம்மா காய் வாங்கிட்டு கறிவேப்பிலைக்கு கைய நீட்டுறது மாதிரி தான் கேட்டுச்சு.

அதே அக்கா தான் உரிக்கவும் சொல்லிக் குடுத்தாங்க. தலைய ஒரு கையில, வால மறு கையில புடிச்சு ஒரே திருகு, இழுத்தா ரெண்டா வரும். வால் ஓட்டுல மொத வளையத்த மட்டும் உரிச்சுட்டு நுனிய ரெண்டு விரலால அழுத்துனா சதை வழுக்கிட்டு வெளிய வரும். விரல் நகம் அளவு தான் சதை. அப்புறம் தலைய வாய்ல வெச்சு உறிஞ்சணும், மஞ்சளா ஒரு கொழுப்பு, அதுல தான் மொத்த மசாலாவும் இருக்கு. நண்டு தலைய உறிஞ்சி வளந்த தூத்துக்குடிக்காரி ஜெனிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, அஞ்சு நிமிஷத்துல அந்த அக்காவையே முந்திட்டா. "சிங்கி எறாவுக்கு குட்டித் தம்பி மாதிரி இருக்கு"ன்னு சர்டிஃபிகேட்டும் குடுத்துட்டா. நாங்க நம்ம ஊரு காரம் தெரியாதான்னு தெனாவட்டா உக்காந்தோம், இருபதாவதுக்கு மேல உதடு எரிஞ்சு, கண்ணத் தொடைக்கலாம்னு கையக் கொண்டு போய், ஐயோ வேண்டாம்.

ஜெனிக்கு மட்டும் ஒரு உறுத்தல். "எங்க வீட்ல பெரிய வெள்ளின்னா கஞ்சியும் தொவையலும், சத்தம் போட்டு சிரிக்கக்கூட விட மாட்டாங்க. இங்க என்னடான்னா கறி தான கூடாதுன்னு ஊரே சேந்து இத ஒரு திருவிழாவா ஆக்கிட்டாங்க." சொல்லிட்டு இன்னொரு தலைய உறிஞ்சினா.

ஏப்ரல் 8, சனி

சுப்பு சனிக்கிழமை கறி மீன் எதுவும் தொட மாட்டான், பெருமாளுக்கு அவங்கம்மா வேண்டிக்கிட்டது, அமெரிக்கா வந்தும் விடல. அத நாங்க மறந்துட்டோம், இந்த ஊரு மன்னிக்கல.

காலைல பிரெஞ்சு குவார்ட்டர் போய் கஃபே டு மோன்ட்ல வரிசைல நின்னோம். 1862ல இருந்து இருக்குற கடை, தூறல்லயும் வரிசை தெரு வரைக்கும். மெனு ரொம்ப சிம்பிள், பென்யே, காபி, குடிக்க இன்னும் ஒண்ணு ரெண்டு, அவ்வளவு தான். பென்யேன்னா சதுரமா வெட்டி எண்ணெய்ல பொரிச்ச மாவு, உள்ள காத்து, மேல பொடிச் சக்கரை. மேலன்னு சொன்னா தப்பு, சக்கரைக்குள்ள தேடி எடுக்கணும். மூணு பென்யே அப்போ நாலு டாலருக்குள்ள. கார்த்தி வாய்ல வெச்ச நேரத்துல நான் ஏதோ ஜோக் சொல்லித் தொலைச்சேன், அவன் சிரிச்சான், சக்கரை மூச்சுக்குழல்ல ஒரு பங்கு, எதிர்ல இருந்த சுப்பு மேல மூணு பங்கு. பழனி மலை எறங்கி வர்ற பக்தன் மாதிரி ஆயிட்டான் சுப்பு.

ஆனா நான் சொல்ல வந்தது காபியப் பத்தி. சிக்கரி காபி! அமெரிக்க உள்நாட்டுச் சண்டைக் காலத்துல காபிக்கொட்டை கிடைக்காம சிக்கரி வேர வறுத்துக் கலந்து குடிச்சாங்க, அப்புறம் கொட்டை கிடைச்சாலும் நாக்கு விடல. பாதிக்குப் பாதி சூடான பாலு. முதல் வாய் குடிச்சதும் நாலு பேரும் ஒண்ணும் பேசல. அந்த கசப்பு, அந்த கெட்டி, டம்ளர் டபரா தான் இல்ல. அந்தக் கடையோட மஞ்சள் டப்பா பொடிய நம்ம ஆளுங்க நிறைய பேரு வீட்டு ஃபில்டர்ல போட்டு குடிப்பாங்கன்னு தெரியும், ஆனா அது பொறந்த எடத்துல குடிக்கிறது வேற. ரெண்டு டப்பா வாங்கிட்டேன். (இத ஞாபகம் வெச்சுக்கோங்க.)

பிரெஞ்சு குவார்ட்டர்னு பேரு தான், கட்டடம் பெரும்பாலும் ஸ்பானிஷ் காலத்தோடது, இல்லன்னா அதுக்கப்புறம் அமெரிக்கா கைக்கு வந்த காலத்தோடது, 1788லயும் 1794லயும் வந்த தீ விபத்துல பழசு பெரும்பாலும் போயிடுச்சு. பூ வேலைப்பாடு செஞ்ச இரும்பு பால்கனி, அதுல தொங்குற ஃபெர்ன் செடி, வெளிர் மஞ்சள் செவுரு, பாண்டிச்சேரிக்கு ஒரு பெரியப்பா இருந்தா இப்படித்தான் இருப்பாரு. தெருப் பேர வாசிக்கிறது தான் கண்டம். சார்ட்ரஸ்னு எழுதிருக்கத 'சார்ட்டர்ஸ்'ங்கறாங்க. பிரெஞ்சு தெரியும்னு பீத்திக்கிட்ட கார்த்தி பர்கண்டி தெருவ ஸ்டைலா சொன்னான், டூரிஸ்ட்னு கண்டுபுடிச்ச கடைக்காரர் 'பர்-கண்-டி', நடுவுல அழுத்துன்னு பாடம் எடுத்தாரு.

மத்தியானம் சுப்புவுக்கு சோறு தேடுற படலம். ரெட் பீன்ஸா, உள்ள பன்றி. கீரையா, அதுலயும் பன்றி எலும்பு. கம்போங்கற கொழம்பு, நம்ம வெண்டைக்காயே தான், ஆப்பிரிக்காவுல இருந்து வந்த வெண்டைக்காய், பேரே அந்த காய்க்கு அவங்க வெச்ச பேருல இருந்து வந்தது தான்னு சந்தோஷமா ஆர்டர் பண்ணப் போனா உள்ள சாசேஜ், கோழி, எறா எல்லாம் மிதக்குது. கடைசில ஒரு போ'பாய் கடை. 1929ல டிராம் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணப்போ, முன்னாடி டிராம்ல வேலை பாத்த மார்ட்டின் சகோதரர்கள் அவங்களுக்கு ஓசில சாண்ட்விச் குடுத்தாங்க, ஸ்ட்ரைக் ஆளு யாராவது வந்தா 'இதோ வர்றான்டா இன்னொரு பாவப்பட்ட பய (புவர் பாய்)'ன்னு சொல்லிச் சொல்லியே சாண்ட்விச்சுக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சுங்கறது ஊர்க்கதை. கவுன்ட்டர்ல அந்தம்மா "டிரெஸ்ஸ்டா?"ன்னு கேட்டாங்க. சுப்பு குனிஞ்சு தன் சட்டையப் பாத்தான். சக்கரை இன்னும் இருந்துச்சு. லெட்டூஸ், தக்காளி, ஊறுகா, மயோனீஸ் எல்லாம் வெக்கணுமாங்கறதுக்கு தான் அந்தக் கேள்வி.

எங்களுக்கு எறா போ'பாய், ரொட்டி மேல மொறுமொறுன்னு அப்பளம் மாதிரி உடையுது, உள்ள பஞ்சு. சுப்புவுக்கு ஃபிரெஞ்சு ஃப்ரைஸ் போ'பாய், ஆமா நிஜமாவே அப்படி ஒண்ணு இருக்கு, வழக்கமா மாட்டுக்கறி கிரேவி ஊத்தி. கிரேவி வேண்டாம்னான். அந்தம்மா அவனப் பரிதாபமா பாத்துட்டு ஊறுகாய டபுளா வெச்சாங்க. ரொட்டிக்குள்ள வெறும் உருளைக்கிழங்கு. பாவப்பட்ட பயங்கற பேரு அன்னைக்கு ஒரு ஆளுக்குத்தான் பொருந்துச்சு.

சாயங்காலம் மழை விட்ட நேரம் பாத்து திடீர்னு பேண்டு சத்தம். ரோடு வளைவுல போலீஸ் பைக், பின்னாடி டிரம்பெட், டிராம்போன், சூஸாஃபோன், அதுக்குப் பின்னாடி வெள்ளை கவுனு போட்ட கல்யாணப் பொண்ணு ஜிகினா குடைய தூக்கித் தூக்கி ஆடிட்டு வருது, சொந்தக்காரங்க எல்லாம் கைக்குட்டைய சுத்திகிட்டு. செகண்ட் லைன்னு பேரு. பேண்டும் வீட்டுக்காரங்களும் மொத லைன், ஆடிகிட்டே பின்னாடி சேர்ற ஊர் ஜனம் ரெண்டாவது லைன். சாவு ஊர்வலத்துல இருந்து வந்த பழக்கம் இது, கல்லறைக்குப் போகும்போது மெதுவா துக்கமா வாசிப்பாங்க, அடக்கம் பண்ணிட்டு திரும்பும்போது கூத்து. சாவுக்கு ஆடுற ஊர்ல பொறந்த எனக்கு இதுக்கு பொழிப்புரை தேவைப்படல. கார்த்தி, வண்டிய எங்க விட்டோம்னு கூட மறந்து மூணு தெரு தள்ளி ஆடிட்டுப் போயிட்டான். யாரு வீட்டு கல்யாணம்னு யாருக்கும் தெரியாது. அந்த மாப்பிள்ளையோட சித்தப்பா மாதிரி ஒருத்தர் கார்த்திக்கு தோள்ல தட்டிக் குடுத்து தன் கைக்குட்டையையே குடுத்துட்டாரு.

ராத்திரி போர்பன் ஸ்ட்ரீட். போகலாமா வேண்டாமான்னா, ஒரு வாட்டி போய் பாத்துட்டு வந்துருங்க. பிளாஸ்டிக் கப்ல ஊத்திகிட்டு ரோட்ல நடந்துகிட்டே குடிக்க சட்டமே விடுது, அதனால ரோடே பாரு தான், நாத்தமும் அப்படித்தான். அங்க தான் ஒருத்தன் என்னப் பாத்து, "உன் ஷூவ எங்க வாங்கினேன்னு நான் சரியா சொன்னா 20 டாலர் தர்றியா?"ன்னான். என் ஷூ மதுரை டவுன் ஹால் ரோட்ல வாங்கினது. இவன் எப்படிடா சொல்லப் போறான்னு சிரிச்சுகிட்டே கையக் குலுக்கிட்டேன். "யூ காட் தெம் ஆன் யுவர் ஃபீட், ஆன் போர்பன் ஸ்ட்ரீட்!" காட்னா வாங்கினதும் ஆகும், போட்டுருக்கதும் ஆகும். இதுக்குள்ள அவன் குனிஞ்சு ஷூ மேல என்னமோ பிதுக்கி தொடைக்க வேற ஆரம்பிச்சுட்டான், பக்கத்துல அவன் ஆளுங்க ரெண்டு பேரு. 20 டாலர் போச்சு. ஊருக்கே தெரிஞ்ச பழைய ஏமாத்தாம். சொல்றதுக்கு அவ்வளவு பேரு இருந்தும் ஒருத்தனும் முன்னாடி சொல்லல பாருங்க. ஆனா ஷூ பளபளன்னு தான் இருந்துச்சு.

12 மணி ஆக ரெண்டு நிமிஷம் இருக்கும்போது சுப்பு ஒரு வண்டிக்கடை முன்னாடி போய் நின்னுட்டான். போனையே பாத்துட்டு நின்னான். 12:00 ஆனதும் ஹாட் டாக் ரெண்டு. பெருமாளும் வாட்ச் பாத்துருப்பாரு.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். ஜெனிக்கு செயின்ட் லூயிஸ் கதீட்ரல்ல பூசை. லேட்டாயிடுச்சு, (இந்த வாட்டி நான் இல்ல, நடு ரூம் வழியா ராத்திரி ஆறு தடவ போன கார்த்தி) கிடைச்ச இடத்துல வண்டியப் போட்டுட்டு ஓடினோம். திரும்பி வந்தா கண்ணாடில கவரு. தெருமுனைக்கு ரொம்பக் கிட்ட போட்டுட்டோமாம், 40 டாலர். தப்பு எங்க மேல தான், போர்டு கூட இருந்துச்சு, ஆனா ஈஸ்டர் அன்னைக்குமாடா.

அவ உள்ள இருந்த நேரம் நாங்க மூணு பேரும் ஜாக்சன் ஸ்கொயர் பெஞ்சுல. ஒரு பக்கம் கோயில் மணி, அதுக்கு நேர் எதிர்ல குடை விரிச்சு கார்டு ஜோசியம் பாக்குறவங்க வரிசை, ஆத்துல நீராவிக் கப்பல்ல இருந்து ஆவில வாசிக்கிற ஆர்மோனியம் மாதிரி ஒண்ணு ஊரு முழுக்கக் கேக்குற மாதிரி சுருதி தப்பி அலறுது. யாரும் யாரையும் கோவிச்சுக்கல. வெயில் வந்துருந்துச்சு, மழை விட்ட ஈரப்பதம் அப்படியே சென்னை தான், சட்டை முதுகுல ஒட்டிகிச்சு.

அப்புறம் பசி. கார்த்தி ஷீட்டுல எல்லாமே இருந்துச்சு, ஈஸ்டருக்கு பாதி கடை லீவுங்கறது மட்டும் இல்ல. தெறந்துருந்த இடத்துலல்லாம் குடும்பம் குடும்பமா கோட்டு, பூ வெச்ச தொப்பி, ரிசர்வேஷன் பண்ணி பிரன்ச் (காலை, மத்தியானம் ரெண்டும் சேந்த சாப்பாடு), ஆளுக்கு 60 டாலருக்கு மேல. நாலு இடத்துல சிரிச்ச முகமா "சாரி பேபி". கடைசில ஒரு பெட்ரோல் பங்க். நம்புங்க, இந்த ட்ரிப்லயே நான் சாப்பிட்ட பெஸ்ட் சிக்கன் அந்தப் பெட்ரோல் பங்க்ல தான். டீசல் வாசனைக்கு நடுவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள பொரிச்ச கோழி, மேல் தோல்ல மொளகா, உள்ள சாறு. நாலு பேருக்கு 26 டாலர். காரோட பானெட்ட மேஜையாக்கி சாப்பிட்டோம், பெட்ரோல் போட வந்த ஒருத்தர் தன்னோட ஹாட் சாஸ் பாட்டில வண்டில இருந்து எடுத்து நீட்டினாரு. வண்டில ஹாட் சாஸ் வெச்சிருக்காரு மனுஷன்!

மதியம் செயின்ட் சார்ல்ஸ் டிராம், 1835ல இருந்து ஓடிகிட்டே இருக்குற லைன், பச்சை கலர் பெட்டி, மர சீட்டு, பித்தளைக் கம்பி, டிக்கெட் ஒண்ணேகால் டாலர். ஏசி கிடையாது, ஜன்னல தூக்கி விட்டா காத்து. கடைசி ஸ்டாப்ல டிரைவர் எறங்கி அந்தப் பக்கம் போவாரு, நாம சீட்டோட முதுக மறுபக்கம் தள்ளி உக்காந்துக்கலாம், டிராம் திரும்பவே வேண்டாம். ரெண்டு பக்கமும் ஓக் மரம் கூரை போட்ட மாதிரி, கிளையிலயும் கரண்ட் கம்பிலயும் பிப்ரவரில முடிஞ்ச மார்டி கிரா திருவிழா ஊர்வலத்துல வீசின பாசி மணி மாலை இன்னும் தொங்குது. ஜன்னல்ல தலைய வெச்சு நான் தூங்கியே போயிட்டேன். போக வர ரெண்டு டிக்கெட், ரெண்டரை டாலருக்கு இந்த ட்ரிப்ல கிடைச்ச நிம்மதியான தூக்கம்.

ராத்திரி ஃபிரெஞ்ச்மென் ஸ்ட்ரீட். போர்பன்ல தொலைச்ச மானத்த இங்க மீட்டுகிட்டோம். கதவு கதவா பாட்டு, ஒரு தெருமுனைல பத்து பன்னெண்டு பசங்க பித்தளை வாத்தியம், முன்னாடி ஒரு அட்டைப்பெட்டி காசு போட. சூஸாஃபோன் வாசிச்ச பையனுக்கு பதினஞ்சு வயசு இருந்தா அதிகம், அந்த வாத்தியம் அவன விட பெருசு, அடி வயித்துல இருந்து ஊதினான், எங்க நெஞ்சுல இடிச்சுது. ஒரு மணி நேரம் நின்னுட்டோம். யாரும் போன தூக்கல, அது எனக்கு ஆச்சரியம்.

வர்ற வழியில கார்த்தி ரூம்மேட்டுங்களுக்குன்னு அஞ்சு பவுண்டு வெந்த க்ராஃபிஷ் வாங்கி, தெர்மகோல் டப்பால ஐஸ் போட்டு டிக்கில வெச்சான். ஜெனி வேண்டாம்னு சொன்னா. அத இங்க பதிவு பண்ணச் சொல்லிருக்கா.

ஏப்ரல் 10, திங்கள்

பத்து மணிக்கு கிளம்பியிருக்கணும். பையெல்லாம் ஏத்தியாச்சு. ஓனரம்மா திண்ணைல இருந்தே, "சாப்பிடாம திங்கக்கிழமை இந்த ஊர விட்டு யாரும் போகக்கூடாது, பன்னெண்டு மணிக்கு பீன்ஸ் ரெடி"ன்னாங்க. உள்ள இருந்து வாசனை வேற. உக்காந்துட்டோம்.

திங்கக்கிழமைன்னா இங்க ரெட் பீன்ஸும் சோறும். அந்தக் காலத்துல திங்கக்கிழமை துணி துவைக்கிற நாள், அடுப்பு பக்கம் நிக்க நேரம் இருக்காது, அதனால ஞாயித்துக்கிழமை மிஞ்சின பன்றி எலும்போட ராஜ்மாவ போட்டு மெதுவா கொதிக்க விட்டுட்டு துவைக்கப் போயிடுவாங்க. இப்போ வாஷிங் மெஷின் வந்துடுச்சு, பீன்ஸ் போகல. லூயி ஆம்ஸ்ட்ராங் இந்த ஊர்க்காரரு, கடுதாசிலயே 'ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்லி யுவர்ஸ்'னு தான் கையெழுத்து போடுவாராம். வெங்காயம், செலரி, குடைமிளகாய், இந்த மூணையும் 'ஹோலி டிரினிட்டி'ன்னு சொன்னாங்க, ஜெனி சிலுவை போட்டுகிட்டா.

வேகுற வரைக்கும் பேச்சு. நான் சும்மா தான் கேட்டேன், கத்ரீனா புயல் அப்போ இங்க தான் இருந்தீங்களான்னு. அந்தம்மா எழுந்து திண்ணைத் தூண்ல ஒரு இடத்துல விரல வெச்சாங்க. என் முட்டிக்கு மேல. பெயிண்ட் அடிச்சிருக்கு, கோடு எதுவும் தெரியல, ஆனா விரல் தேடாம நேரா அங்க போச்சு. திண்ணையே தரையில இருந்து மூணு படி ஒசரம், அதுக்கு மேல அவ்வளவு தண்ணி. 2005 ஆகஸ்ட் 29, கரை உடைஞ்சு ஊர்ல எண்பது சதவீதம் முங்கிடுச்சு, வாரக்கணக்குல வடியல. அவங்க எங்க போனாங்கன்னா ஹூஸ்டனுக்கு. எங்க ஊருக்கு! ரெண்டு வருஷம் இருந்துருக்காங்க, ஜெனி இப்ப இருக்குற ஏரியாவுல இருந்து பத்து நிமிஷம்.

"நல்ல ஊரு தான், நல்லா பாத்துகிட்டாங்க. ஆனா பேபி, அங்க யாருமே திண்ணைல உக்கார மாட்டேங்குறாங்க."

சென்னை வெள்ளத்துல எங்க சித்தி வீட்ல தண்ணி ஏறுன கதைய நான் சொன்னேன், 2015 டிசம்பர், மொட்டை மாடில ரெண்டு நாள். அவங்க ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாங்க. "போட்டோ எல்லாம் போச்சா?" போச்சுன்னேன். தலைய ஆட்டிட்டு உள்ள போய் பீன்ஸக் கிண்டினாங்க.

சோறு நம்ம ஊரு சோறு மாதிரி குழைய, மேல பீன்ஸ் கிரேவி கெட்டியா, நடுவுல கறித்துண்டு. சுப்பு மூணு தட்டு. கிளம்பும்போது ஒரு டப்பா தனியா கட்டிக் குடுத்தாங்க, காசு குடுக்கப் போன கார்த்திய அடிக்காத குறை.

ஒரு மணிக்கு கிளம்பி ஸ்காட்னு ஒரு சின்ன ஊர்ல மட்டும் நிறுத்தினோம், பூடான்ங்கற சாசேஜ் வாங்க. குடலுக்குள்ள அரிசியும் பன்றிக்கறியும் வெங்காயத்தாளும் அடைச்சு ஆவில வெச்சது, தோல கடிச்சு உள்ள இருக்குறத வாயால இழுத்து சாப்பிடணும், வண்டி பானெட் பக்கத்துல நின்னுட்டு. காரமான பொங்கல்னு ஜெனி சொன்னா, நான் ஒத்துக்கல, ஆனா வேற உவமையும் கிடைக்கல.

வீடு வந்தது ராத்திரி ஒன்பது. டிக்கியத் தெறந்தோம்.

டப்பா எங்கயோ, அநேகமா லேக் சார்ல்ஸ் பக்கத்துல, சரிஞ்சிருக்கு. ஐஸ் உருகி, க்ராஃபிஷ் தண்ணி, பூண்டு, மொளகா, எல்லாம் டிக்கி கார்ப்பெட்டுக்குள்ள, அங்க இருந்து பின் சீட்டுக்கு அடியில. சுப்பு ஒண்ணும் பேசல. கார்த்தி எக்செல்ல ஒரு வரி சேக்கணும்னான், அப்பவும் சுப்பு பேசல.

இன்னைக்கு வியாழன், ஏப்ரல் 13. வினிகர் தெளிச்சாச்சு, சோடா உப்பு தூவி ரெண்டு ராத்திரி விட்டாச்சு, எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில வெச்சாச்சு, அது வேற எதுக்கோன்னு ஜெனி சொல்றா. கடைசியா நான் வாங்கிட்டு வந்த சிக்கரி காபி டப்பா ஒண்ண தெறந்து பின் சீட்டுக்கு அடியில வெச்சிருக்கோம். இப்போ வண்டிக்குள்ள ஏறுனா கும்பகோணம் டிகிரி காபில எறாத் தலைய முக்கின மாதிரி வாசனை. யாருக்காவது வழி தெரிஞ்சா சொல்லுங்க. இன்னொரு டப்பாவ தர மாட்டேன்.